கொத்துக்குள் கொத்து

"என் கொத்துல ஆறு சாவி இருக்கும்மா, ஆறு!"

"ஆறு இருந்தா ஆச்சா? மை அறைச் சாவி இருக்கா உங்ககிட்ட?"

"உங்ககிட்ட பார்சல் அறைச் சாவி இருக்கா? முதல்ல அதைச் சொல்லுங்க!"

"நான் பேசி முடிக்கிறதுக்குள்ள..."

"நீங்க எப்ப முடிச்சிருக்கீங்க?"

அச்சகத்தின் நடுக்கூடத்தில் ஸ்டோர் அக்காவும் டெஸ்பாட்ச் அண்ணனும் ஆளுக்கொரு சாவிக்கொத்தைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் புது மேனேஜர். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் சாக்பீஸ் மட்டும் இன்னும் அவர் சட்டைப் பையை விட்டுப் போகவில்லை.

மேற்பார்வையாளர் பதவி காலி. அதற்கு ஆள் எடுக்க அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தச் சாவிக் கணக்கு.

"எண்ணிக்கை முக்கியமில்ல," என்று தரையில் குனிந்து வட்டம் போட்டார். "அண்ணன் கொத்துல இருக்கிற அத்தனையும் அக்கா கொத்துக்குள்ள அடங்கணும். அப்பத்தான் அக்கா மேல. இவர்கிட்ட இல்லாதது அவங்ககிட்ட, அவங்ககிட்ட இல்லாதது இவர்கிட்டன்னா யாரும் மேலயும் இல்ல, கீழயும் இல்ல. ஒப்பிடவே முடியாது."

"முடியாட்டி என்ன சார் பண்றது?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். யார் கொத்து அடுத்தவர் கொத்தை முழுங்குதோ, அவர்தான்."

அக்காவுக்குப் பதவி ஆசை பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அண்ணன் மேற்பார்வையாளர் ஆனால் முதல் உத்தரவு என்னவென்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அக்காவைத் தூக்கி ஊர்க்கோடிக் கிடங்கில் போடுவது. அங்கே போய்விட்டால் மதியம் வீட்டுக்கு ஓடிவந்து, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்ட முடியாது. வேறு யார் ஊட்டினாலும் அந்த மனிதர் வாயைத் திறக்கவே மாட்டார்.

மறுநாள் அண்ணன் டீ குடிக்கப் போன நேரம். மேசைமேல் கிடந்த அவர் கொத்திலிருந்து பார்சல் அறைச் சாவியைக் கழற்றிக்கொண்டு தெருமுனைப் பூட்டுக்காரரிடம் ஓடினாள் அக்கா.

"இதே மாதிரி இன்னொண்ணு வெட்டணும். சீக்கிரம்."

பூட்டுக்காரர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். "இதுவா?"

"ஏன், முடியாதா?"

"முடியும்மா. எனக்கென்ன."

அவர் வருவதற்குள் அசலைக் கொத்தில் மாட்டியாகிவிட்டது. அடுத்த நாள் பைண்டிங் அறை. அதற்கடுத்த நாள் வேன் ஷெட். வெள்ளிக்கிழமை காலை எட்டுச் சாவியோடு அக்கா உள்ளே வந்தபோது நடையே மாறியிருந்தது.

பின்னாலேயே இன்னொரு கிலுகிலு சத்தம். அக்கா தினமும் மதியம் அப்பாவைப் பார்க்கப் போன நேரத்தில், நாற்காலியில் தொங்கிய அவள் கொத்தின் பக்கத்தில் அண்ணனும் சும்மா இருக்கவில்லை. அவரிடமும் எட்டு.

மேனேஜர் இரண்டையும் மேசைமேல் பரப்பினார். "அண்ணன் கொத்து அக்கா கொத்துக்குள்ள அடக்கம். அக்கா கொத்து அண்ணன் கொத்துக்குள்ள அடக்கம். அப்படின்னா..." அவர் முகம் மலர்ந்தது. "ரெண்டும் ஒண்ணு! கணக்குப்படி நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள்!"

"ஐயையோ!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அதுவே சாட்சியாகப் போயிற்று.

"ஒரே ஆளுக்கு இங்க எதுக்கு ரெண்டு நாற்காலி? ஒண்ணு கிடங்குக்குப் போகட்டும். சீட்டுக் குலுக்கிடலாம்."

அக்கா அண்ணன் காதோரம் போனாள். "அண்ணே, ஒரு சாவியைக் கழற்றிப் போடுங்க. வேற வேற ஆள் ஆயிடுவோம்."

"கழற்றினா நான் கீழ போயிடுவேனே! நீங்க கழற்றுங்க."

"என்னைப் பார்த்தா இளிச்சவாயி மாதிரியா இருக்கு?"

அதற்குள் சீட்டு எடுத்தாகிவிட்டது. அக்கா பேர்.

"அப்பாவுக்கு இனி யார் ஊட்டுவா?" என்றாள் அக்கா. அண்ணனுக்கே என்னவோ போல ஆகிவிட்டது. "சார், கோபத்துல ஏதோ சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவங்க அப்பா பாவம் சார்..."

"கணக்குல பாவம் ஏது?" என்று மாற்றல் உத்தரவில் குத்த முத்திரை எடுக்கத் தன் அறைக்குப் போனார் மேனேஜர். போன வேகத்தில் திரும்பி வந்தார். சாவியை உள்ளே மேசைமேல் வைத்துவிட்டு வெளியே பூட்டை அமுக்கிவிட்டாராம்.

பூட்டுக்காரரை அழைத்து வந்தார்கள். வெறுங்கையோடு வந்தார்.

"அக்கா, அந்தக் கொத்தைக் கொடுங்க."

கைக்கு வந்த சாவியைப் பூட்டில் நுழைத்துத் திருப்பினார். கதவு திறந்தது.

"அது மை அறைச் சாவியாச்சே!" என்று அலறினார் மேனேஜர்.

"எந்த அறையா இருந்தா என்ன சார்? எல்லாம் என் கடையில ஒரே பெட்டில வாங்கின பூட்டு. அத்தனைக்கும் ஒரே சாவிதான். மூணு நாளா இவங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வந்து அதையேதான் வெட்டிக்கிட்டுப் போனாங்க."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அக்கா.

"ஆபீஸ் விஷயம். ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

மேனேஜர் உள்ளே ஓடித் தன் சாவியை எடுத்துவந்து அக்காவின் சாவியோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். பல்லுக்குப் பல் ஒன்றாக இருந்தது. கையிலிருந்த சாக்பீஸ் நழுவி விழுந்தது.

இனி அந்தச் சீட்டு செல்லாது என்று அக்காவுக்குப் புரிந்தது. மணியைப் பார்த்தாள். அப்பாவுக்குச் சாப்பாட்டு நேரம்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க கணக்குப்படி இப்ப நாம மூணு பேருமே ஒரே ஆளு. உங்க பேரையும் எழுதிப் போட்டு மறுபடி குலுக்கிடலாமா சார்?"