கருவாட்டோடு காய்ந்த டிஸ்க்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பூவரசன் அவர்களுக்கு, பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து உங்கள் மாமியார் எல்லம்மா எழுதுவது. இங்கே நான், மகன் சுரேஷ், மருமகள் சரண்யா மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுத ஆசைதான், எழுதினால் பொய்யாகிவிடும். அங்கே நீங்களும் என் மகள் குணசுந்தரியும் குறைவில்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் பேசும்போது நீங்கள் ‘ம், ம்’ என்று சொல்லிக்கொண்டே டிவி பார்ப்பது எனக்கு இங்கே கேட்கிறது. போன பங்குனியில் ஒரே பேச்சில் பதினோரு ‘ம்’ சொன்னீர்கள். காகிதத்தில் எழுதினால் படித்துத்தான் ஆக வேண்டும். சரண்யாவை எழுதச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவாள், அதனால் மூன்றாம் வகுப்போடு நின்ற என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். கெட்டுப்போகாத ஹார்ட் டிஸ்க் எது என்று கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்கிற நீங்கள் பார்த்து, ஒன்று வாங்கிக்கொண்டு, ஐப்பசி முதல் ஞாயிறு ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் நேரில் வர வேண்டும். போன பொங்கலுக்கு நீங்கள் கொண்டுவந்த கறுப்பு டிஸ்க் கெட்டுப்போய்விட்டது. “பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது அத்தை” என்று எங்கள் வீட்டு வாசற்படியில், வலது கையில் வடையை வைத்துக்கொண்டு சொன்னீர்கள். குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் காட்டூரில் நெல் வயலுக்கு நடுவில் பிறந்தவர். நிலத்துக்குப் பட்டா இருக்கிறது, தண்ணீருக்கு எங்கே பட்டா? ஏரியில் இறால் நன்றாக விழும் இடம் கொஞ்சம், வலை போடுகிற வீடு நிறைய. அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த வீடு எந்த வருஷம் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைக்கிறோம், அதற்குப் பேர் பாடு. ஒரு வீட்டுக்கு அந்த வருஷம் முடியாமல் போனால் தன் பாட்டை இன்னொரு வீட்டுக்கு விடலாம், பிறகு அவர்கள் தங்கள் முறையைத் திருப்பித் தர வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் முகத்துவாரத்துப் பாட்டை நாங்கள் முத்தம்மாள் வீட்டுக்கு விட்டோம். இந்த ஐப்பசிக்கு அவள் தர வேண்டும். அவளோ, விட்டது அவள், வாங்கினது நாங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உங்கள் கல்யாணப் பந்தியில் இரண்டாவது தரம் ரசம் வாங்கிக் குடித்துவிட்டு, ரசத்தில் உப்பில்லை என்று சொன்னாளே, அந்த முத்தம்மாள்தான். இந்தப் பாடு கை தவறிப்போனால் சுரேஷ் வலையைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டு, துறைமுகத்துப் பக்கம் குடோனில் மூட்டை ஏற்றப் போகிறேன் என்கிறான். போகிறவன் திரும்ப மாட்டான் மாப்பிள்ளை. அவன் அப்பாவின் தம்பியும் ஆறு மாசம் என்று சொல்லித்தான் போனார்.

பாடு எழுதுகிற நோட்டு, ஊர்த் தலைவர் சின்னப்பன் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. புயல் வருஷம் தண்ணீர் உள்ளே புகுந்து ஏடுகள் எல்லாம் நனைந்த அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டன. சரண்யா ஒவ்வொன்றாகப் பிரித்து, மூன்று மாசம் உட்கார்ந்து, மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள், பிரித்த ஏடுகள் கையிலேயே பொடிந்துபோயின. ஏற்றிவிட்டு, “இந்த உப்புக் காத்துல இது எத்தினி நாளைக்கி நிக்கும்? இதே மாதிரி இன்னொண்ணு வேற எடத்துல இருக்கணும்” என்று சொன்னாள். அது நியாயம்தான், எங்கள் ஊரில் ஆணியே இரண்டு மழைக்குத் தாங்காது. அப்போதுதான் நீங்கள் வடையும் டிஸ்க்குமாக வந்தீர்கள். ஆனால் அதை யார் வீட்டில் வைப்பது? தலைவர் வீட்டில் வைக்கலாம் என்றால் அவர் மச்சான் பேரை மாற்றிவிடுவார் என்றார்கள். எங்கள் வீட்டில் வைக்கலாம் என்றால் முத்தம்மாள் எழுந்து, “ஏன், எல்லம்மா வாயில இருக்குற பொய்யெல்லாம் அதுக்குள்ள ஏறணுமா?” என்றாள். “உன் வூட்ல வெச்சா மட்டும் அது சாமியா ஆயிடுமா?” என்று நான் கேட்டேன். கத்திக் கத்தி எல்லாருக்கும் தொண்டை வற்றியது. கடைசியில் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? டிஸ்க்குக்கும் சீட்டுப் போட்டார். மாப்பிள்ளை, அது ஏரியில் கிடக்கிற இடமா? வீட்டுக்குப் பதினைந்து நாள் என்று டிஸ்க்குக்கே பாடு வைத்துவிட்டார்கள். பதினைந்தாம் நாள் சரண்யா வாங்கி, புதுசாக எழுதினதை ஏற்றி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும்.

முதல் வீட்டில் அதைச் சாமி மாடத்தில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஒயர் மாட்டுகிற ஓட்டையிலும் கொஞ்சம் அப்பிவிட்டார்கள். சரண்யா ஊசியால் நோண்டி எடுத்தாள். இரண்டாவது வீட்டில் ஈரம் ஆகாது என்று அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள், எடுக்கும்போது உள்ளே வண்டு இருந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் ஆதிகேசவன் யாரையும் நம்பாதவர், பெண்டாட்டியையும் நம்பாதவர். பிளாஸ்டிக் பையில் கட்டி இடுப்பில் முடிந்துகொண்டு படகில் ஏரிக்கே கொண்டுபோனார். வலை இழுக்கும்போது அது அவிழ்ந்து படகுக்குள் இரண்டு தரம் விழுந்ததாம். “தண்ணியிலயா வுழுந்துச்சு? படகுலதானே!” என்று பெருமையாகச் சொன்னார். நாலாவது முத்தம்மாள். அவள் சுத்தக்காரி இல்லையா, முதல் வீட்டுச் சந்தனம் மிச்சம் இருக்கிறது என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்து, ஈரம் போக வேண்டுமென்று மணலில் பாய் விரித்து, நெத்திலிக் கருவாட்டோடு கருவாடாக நாள் முழுக்க வெயிலில் காயவைத்துவிட்டாள். நான் நேரில் பார்த்தேன். “இன்னா முத்தம்மா, அதைத் திருப்பிப் போட்டியா?” என்று கேட்டதற்கு, “போட்டேன் போட்டேன், மத்தியானமே போட்டேன்” என்றாள். சாயங்காலம் சரண்யா மாட்டிப் பார்த்தால் உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம், பானைக்குள் நண்டு சுரண்டுகிற மாதிரி. பிறகு அதுவும் நின்றது. அடுத்த வாரமே சங்கத்துக் கம்ப்யூட்டர் உப்புப் பிடித்து உயிரை விட்டது. நோட்டும் போச்சு, கம்ப்யூட்டரும் போச்சு, காப்பியும் போச்சு. டிஸ்க்கைத் தலைவர் பட்டணத்தில் யாரோ பிரித்துப் பார்ப்பவரிடம் கொடுத்திருக்கிறார். கருவாட்டு வாசம் அடிக்கிறதே என்று அந்த ஆள் கேட்டாராம். அது பிழைத்து வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஊரில் இப்போது மிச்சம் இருப்பது என் ஞாபகம் ஒன்றுதான். முப்பது வருஷத்துப் பாட்டையும் வீடு வீடாக நான் சொல்லுவேன். முகத்துவாரத்துப் பாட்டை விட்ட அன்றைக்கு முத்தம்மாள் அரக்குச் சேலை கட்டியிருந்தாள், முந்தானை பச்சை, சுறாப்புட்டு தின்ற கையைக் கழுவாமல் வந்தாள். இவ்வளவும் போன கூட்டத்தில் சொன்னேன். “ஒன் ஞாபகம் இன்னா கோர்ட்டா?” என்று கேட்டுவிட்டாள். அதனால்தான் சொல்கிறேன், நான் சொல்லச் சொல்ல சரண்யா புது டிஸ்க்கில் ஏற்றிவிட்டால் பிறகு அது எழுத்து. எழுத்தை யார் மறுக்க முடியும்?

உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று நானே பொன்னேரிக்குப் போய் ஒரு கடையில் கேட்டேன். இரண்டு டிஸ்க் எடுத்து வைத்தான். நாற்பது வருஷம் கூடையில் நண்டு விற்றவள் நான். கனமாக இருந்தால் உள்ளே சதை இருக்கிறது, லேசாக இருந்தால் சப்பை, வெறும் தண்ணீர். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுத்தேன். “அது உள்ள சுத்துறதும்மா, வுழுந்தா போயிடும். லேசா இருக்குறதுதான் ஒசத்தி, வெலையும் ஜாஸ்தி” என்கிறான். சப்பை நண்டுக்கு ஜாஸ்தி விலை சொல்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கெட்டுப்போனால் என்று கேட்டேன். “மூணு வருஷத்துக்குள்ள கெட்டா புதுசு தருவோம்.” “உள்ள இருக்குற எழுத்து?” “அது எங்களால தர முடியாதும்மா.” “அப்ப ஒடைஞ்சா சட்டி தருவே, கொழம்பு தரமாட்டே?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினேன். திருப்பாலைவனம் தாண்டுகிற வரைக்கும் எனக்கு மனசே ஆறவில்லை. களைத்துவிட்டது மாப்பிள்ளை. என் மாமியாரிடம் படாத பாட்டை ஒரு சோப்புக்கட்டி அளவு டப்பாவிடம் படுகிறேன்.

சரண்யா சொல்வது, ஒன்றை நம்பக் கூடாது, இரண்டு வேண்டும், இரண்டாவது ஊருக்கு வெளியே இருக்க வேண்டும் என்று. அது உங்கள் வீட்டு பீரோவில் இருக்கட்டும். சந்தனம் வைக்க வேண்டாம், துடைக்க வேண்டாம். சுற்றுகிறதா சுற்றாததா, எது உப்புக் காற்றுக்குத் தாங்கும், எது பத்து வருஷம் நிற்கும் என்று உங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி விசாரித்து வாங்கவும். நாங்கள் அவ்வளவு விசாரிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

குணசுந்தரியை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம், அவர் என்னை விசாரிக்காவிட்டாலும் பரவாயில்லை. எல்லாரும் நீண்ட ஆயுளோடும் கெடாத பொருள்களோடும் வாழ அம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லம்மா

பின்குறிப்பு: ஸ்டாம்ப் கிடைக்காமல் கடிதம் ஒன்பது நாள் தலையணைக்கடியில் கிடந்தது. அதற்குள் தலைவர் டிஸ்க்கோடு வந்துவிட்டார். பட்டணத்து ஆள் அதை எப்படியோ பிரித்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டான், ஒரு வரி குறையவில்லை. கூட்டத்தை முன்னாடியே போட்டு, மைக் வைத்து, சரண்யாவையே படிக்கச் சொன்னார்கள். முகத்துவாரத்துப் பாடு, முத்தம்மாள் மகனுக்கு மஞ்சள் காமாலை, ஆதலால் எல்லம்மா வீட்டுக்கு விடப்பட்டது. திருப்ப வேண்டியது எல்லம்மா வீடு. சாட்சி, எல்லம்மா. ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. சேலை நிறம் சரிதான் மாப்பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். பின்னாலேயே முத்தம்மாள் வந்தாள். சிரிப்பாள், ரெண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று நின்றேன். அவள் சிரிக்கவில்லை. “எம்புள்ளைக்கு இன்னும் ஒடம்பு அவ்வளவா தேறலடி. வலை இழுக்க ஆள் பத்தல. சுரேஷை மூட்டை தூக்க அனுப்பாத, எங்க படகுல வரச் சொல்லு, ஆளுக்குப் பாதி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சுரேஷ் விடியற்காலையில் அவர்களோடு போனான். இனி நான் அவளோடு எந்த வாயை வைத்துக்கொண்டு சண்டை போடுவது? டிஸ்க் வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடவும். ஊருக்குப் புதுசு ஒன்று வேண்டுமென்று சரண்யா உங்களுக்குப் போன் செய்வாள். நம்பகமான டிஸ்க் என்று ஒன்றை இன்னும் யாருமே செய்யவில்லை என்று அவளிடம் சொல்லிவிடவும்.