அப்பா இருக்கும்போதே அடித்த மொட்டை

2004 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை 6.10க்கு எழுந்தேன். இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி (உப்புக் குறைவு). வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. மாலை ஐந்து மணிக்குத் தங்காக் ஊரில் பெண் பார்க்கப் போக வேண்டும். அன்றைய நாட்குறிப்பில் பதினொரு மணி வரை கையெழுத்து அழகாக இருக்கிறது. மீதியை மறுநாள்தான் எழுதினேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பெண் மலர்விழி, துணிக்கடையில் வேலை. கோயில் திருவிழாவில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். அதன்பின் வேறு யாரையும் கட்டிக்கொள்வதாக இல்லை. அவளுக்கும் அப்படித் தோன்ற வேண்டுமே என்ற பயத்தில், எங்கள் ஊர் லாபிஸில், பீரும் விற்கும் காப்பிக்கடை ஒன்றில் நண்பன் கணேசனோடு உட்கார்ந்தேன். ஒரு பாட்டில் பீர் மூன்றானது.

"பொண்ணு பார்க்கப் போற அன்னைக்கே இப்படி ஊத்துறியே, கட்டிக்கிட்டா அந்தப் பொண்ணு கதி என்னடா?" என்றான் கணேசன், தன் கிளாஸை நிரப்பிக்கொண்டே.

"இதோட விட்டேன். முருகன் மேல சத்தியம்."

"சும்மா இரு லா. நாலு மணி வரைக்கும் தாங்க மாட்டே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முருகனுக்கு முடி கொடுத்துவிட்டால் யார் என்ன பேச முடியும்? கோயில் வரை போகப் பொறுமை இல்லை. முடிவெட்டும் கடையோ பக்கத்திலேயே இருந்தது.

"மொட்டை போடுங்கண்ணே."

"மீசையுமா தம்பி?"

"எல்லாத்தையும்!"

அவர் எழுந்துபோய் வானொலியை அணைத்தார். மழித்து முடித்ததும் என் தோளைத் தட்டி, "மனசத் தேத்திக்குங்க" என்றார். பக்தர்கள் மீது இவருக்கு இவ்வளவு அன்பா என்று நெகிழ்ந்துபோனேன்.

தலையோடு மீசையையும் மழித்தால் எங்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருகிறான். வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. அவர் குழாயை மூட மறந்து என்னையே பார்த்தார்.

"டேய், நான் இன்னும் இருக்கேன்டா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வர்றோம்னு சொல்லியாச்சு. போய்த்தான் ஆவணும்" என்றார் அப்பா.

தங்காக்கில் அப்பா காரை நிறுத்த இடம் தேடினார். அம்மா பழத்தட்டை எடுத்து வருவதற்குள் நான் முதலில் படியேறினேன். மலரின் அம்மா என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, எப்பங்க? புதன்கெழமகூட போன்ல நல்லாப் பேசுனாரே!"

வாயைத் திறந்தால் பீர் வாடை வரும். ஆகவே சோகமாகத் தலையை மட்டும் ஆட்டினேன். (உலகில் இதைவிட மோசமான தலையாட்டல் இருக்க முடியாது.) மலரின் அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அப்போது என் அப்பா உள்ளே வந்து, "வணக்கங்க. கார் நிறுத்த எடமே இல்ல" என்றார்.

"அலமாக்!" என்று மலாயில் அலறி மலரின் அம்மா நாற்காலியில் சாய்ந்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கிளம்பலாம் என்று அம்மா கண்ஜாடை காட்டினார். மலர்தான் காப்பித் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"குடிச்சா மொட்டை மட்டுந்தானா, வேற ஏதும் செய்வீங்களா?"

"இதுவரைக்கும் மொட்டைதாங்க."

"எத்தனை பாட்டில்?"

"மூணு. மூணாவதுல கால்வாசி மிச்சம்."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "பொய் சொல்லல. சரி, முடி ரெண்டு இஞ்சு வளரட்டும். அதுவரைக்கும் ஒரு சொட்டு தொடக்கூடாது. அப்புறம் வாங்க, பேசலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான்கு மாதம் கழித்துப் போனேன், பேசினோம். திருமணமாகி இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் மாமியார் போன் செய்தால் முதல் கேள்வி, "மாப்பிள்ளை, தலையில முடி இருக்கா? அப்ப சம்பந்தி நல்லாத்தான் இருக்காரு." எனக்கு இப்போது தானாகவே முடி கொட்டுகிறது. எண்பத்தொரு வயது அப்பா அதைக் கவலையோடு கவனித்து வருகிறார்.

பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள், அந்தத் திங்கட்கிழமை விடிந்ததும், பல்கூடத் துலக்காமல், அளவுகோலோடு கண்ணாடி முன் நின்று உச்சந்தலையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாட்குறிப்பில் தேதி போட்டு, பூஜ்யம் என்று எழுதிக்கொண்டேன்.