ஓசூர் வழியாகப் பொலன்னறுவை

வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தையாவது புஷ்பாவிடம் சொல்லாமல் செய்து முடிப்பது என்று ஒரு புதன்கிழமை முடிவெடுத்தேன்.

நான் கிருபாகரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். அயனம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்குள் அந்த இலாகா புஷ்பாவிடம் இருக்கிறது.

முடிவுக்குக் காரணம் எத்திராஜ். கம்பெனிக்கு எதிரே லேத் பட்டறை வைத்திருக்கிறான். பரம்பரை அயனம்பாக்கத்துக்காரன். டீக்கடையில் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

"மாமே, இத்த பாரு. பொலன்னறுவை. ஸ்ரீலங்கா. நம்ம சோழ ராஜா கட்ன சிவன் கோயில் அப்டியே கீது."

"நல்லாருக்கு."

"டிக்கெட்டும் கீது. வெள்ளிக்கெழம சாயங்காலம் ஏறுனா ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஊட்ல கீறோம்."

"புஷ்பாகிட்ட கேக்கணும்."

"ராஜா கடல் தாண்டிப் போனாரே, ராணியாண்ட கேட்டுகினா போனாரு?"

சரித்திரம் படித்தவனை மடக்கலாம். எத்திராஜை முடியாது. டீ ஆறுவதற்குள் டிக்கெட் போட்டாகிவிட்டது. விசாவும் போனிலேயே முடிந்தது.

கேட்பதில் ஒரு சிக்கல் இருந்தது. புஷ்பா பாஸ்போர்ட் எடுத்து ஆறு வருஷம். ஒரு முத்திரைகூட விழவில்லை. எங்கள் இருபதாவது கல்யாண நாளுக்கு, "ஒரே ஒரு தடவை வெளிநாடு கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டாள். லீவு இல்லை என்று சொல்லி செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். "அக்கரையைப் பாரு, வெளிநாடு மாதிரியே இல்ல?" என்றேன். புஷ்பா அக்கரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் முடியவில்லை.

எனவே பொய்தான் வழி.

"வெள்ளிக்கிழமை ஆபீஸ் மீட்டிங்குக்கு வெளியூர் போறேன்."

"எந்த ஊரு?"

"ஓசூர்."

"எத்திராஜ் அண்ணனும் வர்றாரா?"

"அவனுக்கும் அங்க லேத் சம்பந்தமா ஒரு வேலை..."

"சரி" என்றாள்.

அவ்வளவுதான். ஏன், எதற்கு, எந்த ஓட்டல், ஒன்றும் இல்லை. மறுநாள் அவளே வந்தாள்.

"நானும் நாகம்மாவும் ஒரு சிவன் கோயிலுக்குப் போய்ட்டு வரோம். வெள்ளிக்கிழமை காலைல கிளம்பணும். தங்கித்தான் வரணும்."

நாகம்மா எத்திராஜின் மனைவி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் ஊரில் இல்லாதபோது அவளும் ஊரில் இல்லை என்றால் மாட்டிக்கொள்ள வழியே இல்லையே!

"தாராளமா போயிட்டு வா. அவசரப்படாம தரிசனம் பண்ணு" என்று வள்ளலானேன். எந்த ஊர்ச் சிவன் என்று கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பீரோவைத் திறந்தேன். என் பாஸ்போர்ட் புடவை அடுக்கின் மேல், எடுக்க வாகாக இருந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பொலன்னறுவையில் ஆளுக்கொரு வாடகை சைக்கிள். மர நிழல், குரங்குகள், செங்கல் மண்டபங்கள். யாரும் என்னைத் தயிர் வாங்கி வரச் சொல்லவில்லை. சோழர் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்தி, கல்லில் இருந்த தமிழ் எழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முன் கடல் தாண்டி வந்த ஆண்மகனும், இப்போது வந்த ஆண்மகனும் நேருக்கு நேர்! நெஞ்சு நிமிர்ந்தது.

போன் அடித்தது. புஷ்பா.

"எங்க இருக்கீங்க?"

"மீட்டிங்ல."

"குரங்கு சத்தம் கேக்குது?"

"மேனேஜர் பேசிட்டிருக்கார்."

"சரி, சரி. சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க. ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது."

குனிந்து பார்த்தேன். நிஜம்தான். கழற்றிச் சரியாகப் போட்டேன். "இப்ப?" என்றேன்.

"இப்ப சரி."

அப்புறம்தான் உறைத்தது. இது வீடியோ கால் இல்லை.

திரும்பினேன். பத்தடி தள்ளி மரத்தடியில் புஷ்பாவும் நாகம்மாவும் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொலன்னறுவையில் பாதிக் கட்டிடங்கள் இடிந்துபோய் நிற்கின்றன. அவற்றோடு நானும் நின்றேன்.

"டேய், சொல்லிட்டியா?" என்று எத்திராஜைக் கேட்டேன்.

"நா எங்க சொன்னேன்? நாகம்மாவாண்ட பாஸ்போர்ட்ட எட்த்துக் குடுன்னேன். ஓசூருக்கு இன்னாத்துக்கு பாஸ்போர்ட்டுன்னா. செக்போஸ்ட்ல கேப்பாங்கன்னேன்."

"அத்த அப்டியே புஷ்பாக்காவாண்ட சொன்னேன், அண்ணா. இவுரு போன்ல இருந்த டிக்கெட்டக் காட்னேன்" என்றாள் நாகம்மா. "வேற ஒண்ணும் சொல்லல."

புஷ்பா கத்தவில்லை. அழவில்லை. டப்பாவை நீட்டி, "சாப்பிடுங்க" என்றாள். டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"தப்புதான் புஷ்பா. உன்னைக் கூப்பிட்டிருக்கணும்."

"கூப்பிட்டிருந்தா லீவு இல்லேன்னு செம்பரம்பாக்கத்துக்கு வண்டியத் திருப்பியிருப்பீங்க." கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். "காலைல இங்க ஒரு ஏரியப் பாத்தேன். கரையில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். யாரும் என்கிட்ட 'வெளிநாடு மாதிரி'ன்னு சொல்லல."

அவள் முகத்தில் கோபம் இல்லை. ஊர் பார்க்க வந்தவளின் சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் அதிகமாகச் சுட்டது.

"சரி, நாலு பேரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்றேன், சமாதானமாக.

"அதெப்படி? நீங்க ரெண்டு பேரும் ஓசூர்லல்ல இருக்கீங்க? ஓசூர்ல இருக்கிறவங்க இந்தப் போட்டோல எப்படி வர முடியும்?" தன் போனை என் கையில் வைத்தாள். "எடுங்க. கோபுரம் வெட்டுப்படாம."

எடுத்தேன். கோயிலில் எடுத்தேன். படுத்திருக்கும் புத்தர் சிலை முன்னால் எடுத்தேன். அவர்கள் ஏசி வேனில் போனார்கள். நாங்கள் பின்னாலேயே சைக்கிளில் போய் இறங்கி, மூச்சு வாங்க எடுத்தோம். எத்திராஜுக்குக் கைப்பைகளைப் பிடித்துக்கொள்ளும் வேலை. ஞாயிறு காலை கிளம்புவதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு படம். ஒன்றில் மட்டும் நான் இருக்கிறேன், தரையில், நிழலாக. அதையும் அழிக்கச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. பெண்கள் கை தட்டினார்கள். மூன்றாம் மாடி ராகவன் சார் கேட்டிருந்தார்: "பிரமாதம் மேடம்! இவ்வளவு அழகா யார் எடுத்துக் கொடுத்தது?"

புஷ்பா பதில் போட்டிருந்தாள்: "பேர் கேக்கல சார். கோயில் வாசல்ல சும்மா நின்னுட்டிருந்தார் ஒருத்தர்."