திடீரென்று மோசமாகிப்போன துறைமுக நகரம்

அன்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு நீங்களும் உங்கள் மனைவியும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் கடந்த ஒரு மாதமாக உங்கள் துறைமுக நகரத்தைப் பற்றி நீங்கள் போனில் சொன்னவற்றை வைத்துப் பார்த்தால், அந்த ஊரில் மனிதர்கள் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். ஆகவே, இந்தக் கடிதத்தை வாங்கிப் பிரிக்கும் அளவுக்காவது உங்களுக்குத் தெம்பு மிச்சமிருக்கும் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே பேசிவிடலாமே என்று உங்கள் அக்கா சொன்னாள். போனில் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கடல் எப்படிக் கரையைத் தின்கிறது, அதை எப்படித் தடுப்பது என்பதை மேற்கொண்டு படிக்க என் மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்தன. ஒன்று உங்கள் துறைமுக நகரத்தில், இன்னொன்று என் தம்பி இருக்கும் ஆற்று நகரத்தில். இரண்டும் ஒரே நாட்டில், ரயிலில் அரை நாள் தூரத்தில் இருக்கும் ஊர்கள். ஆனால் உங்கள் இருவர் பேச்சைக் கேட்டவர்கள் அவற்றை இரண்டு கிரகங்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த இரண்டு ஊர்களையும் உங்கள் இருவர் பேருக்கும் யார் பட்டா போட்டுக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என் வீட்டு சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்துகொள்வீர்கள். "எங்க ஊர் டிராம்ல ஏறினா டிரைவரே குட் மார்னிங் சொல்வார்" என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள். "உங்க ஊர்ல மார்னிங் என்னைக்குங்க குட்டா இருந்திருக்கு? பனிமூட்டம் விலகவே மத்தியானம் ஆயிடுமே" என்பான் அவன். "ஆத்துத் தண்ணி நாத்தத்துக்குப் பனிமூட்டம் எவ்வளவோ மேல்" என்பீர்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தவன் நான். என் ஊர் எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்தபோதுகூட, வயிற்றில் தையலோடு படுத்திருந்த என் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் அவன். யார் ஊர் ஆஸ்பத்திரியில் கத்தியே வைக்காமல் கல்லை எடுப்பார்கள் என்று ஒரு மணி நேரம் சண்டை. நர்ஸ் வந்து, "பேஷண்ட் தூங்கணும், வெளிய போங்க" என்றாள். "எங்க ஊர்ல நர்ஸ் இப்படி அதட்ட மாட்டாங்க" என்றீர்கள் இருவரும், ஒரே குரலில். உங்களுக்குள் ஒற்றுமை நிலவி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

உங்கள் வீட்டு மாடியில் கடல் தெரியும் அறை இருப்பதும், அதை என் மகளுக்காகவே வைத்திருப்பதும் அவள் நாலாம் வகுப்பு படித்த காலத்திலிருந்து நான் கேட்டுவரும் செய்தி. "பொண்ணு படிக்க வந்தா அங்கதான் இருக்கணும். வேற எங்கயாவது தங்கினா எனக்குக் கோபம் வரும்." டிராம் நிறுத்தத்திலிருந்து உங்கள் வீடு வரையிலான சரிவுத் தெருவும் எனக்கு மனப்பாடம். "ராத்திரியானா ரெண்டு பக்கமும் லைட்டு அத்தான். ஊசி விழுந்தாக்கூட குனிஞ்சு எடுத்துக்கலாம்." உங்கள் ஊரில் ஏன் இத்தனை ஊசி விழுகிறது என்று நான் கேட்டதில்லை. விருந்தாளிகளிடம் அப்படியெல்லாம் கேட்கக்கூடாது.

மகளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது. வந்த மறுவாரமே உங்கள் ஊர் இடிந்து விழுந்தது.

"அத்தான், ஊர் முன்ன மாதிரி இல்ல."

"என்ன ஆச்சு?"

"காத்து. காதைப் பிச்சுக்கிட்டுப் போற காத்து."

"போன வருஷம் அதைத்தானே கடல் காத்து, நுரையீரலுக்கு நல்லதுன்னு சொன்னீங்க?"

"அது போன வருஷத்துக் காத்து அத்தான்."

அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு பேரழிவு. கடற்பறவைகள் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு போகின்றன. பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை ஒன்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. கப்பல் சங்கு ஊதி ஊதி உங்கள் மனைவிக்குக் காது மந்தமாகிவிட்டது. (அன்றே அவர் என் மனைவியிடம் போனில் கிசுகிசுவென்று அரை மணி நேரம் பேசினார், அது எப்படிக் கேட்டதோ.) ஊசி எடுத்த அந்தத் தெருவும் கெட்டுப்போனது. "கையைப் பிடிச்சுப் பாத்தாக்கூட யாருன்னு தெரியாது. அவ்வளவு இருட்டு." கடல் தெரியும் அறையில் சுவர் முழுக்கப் பூஞ்சை என்று ஒரு படம் வேறு அனுப்பினீர்கள்.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடுகிறவன் என்பது உங்களுக்கு மறந்திருக்கும். உங்கள் நண்பர்களிடம் "அத்தான் ஏதோ ஆபீஸ்ல இருக்கார்" என்றுதானே சொல்வீர்கள். அந்த ஏதோ ஆபீஸில், எரிந்த கிடங்குகளிலும் நனைந்த மூட்டைகளுக்கு நடுவிலும் நின்று, மனிதர்கள் தங்கள் நஷ்டத்தைப் பெரிதாக்கிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. என்னிடம் வேலை கற்றவன் இன்று எனக்கு மேலாளர். அது வேறு கதை. அதற்கு வேறு கடிதம் எழுதி, வேறு ஆளுக்கு அனுப்பியாகிவிட்டது. சொல்ல வந்தது இதுதான். உங்கள் பூஞ்சைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் முன்பு பெருமையாக அனுப்பிய படங்களையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். உங்கள் அறையில் சுவிட்ச் போர்டு கதவுக்கு இடப்பக்கம். பூஞ்சைச் சுவரில் அது வலப்பக்கம். பூஞ்சை பரவும், மைத்துனரே. சுவிட்ச் போர்டு நடந்து போகாது. அது உங்கள் வீட்டுச் சுவரே இல்லை என்று நான் சாப்பாட்டு மேசையில் நிரூபித்துக் காட்டியபோது, உங்கள் அக்காவும் என் மகளும் அசந்துபோனார்கள். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிரவில்லை.

என் தம்பி யோக்கியன் என்று நான் சொல்லவில்லை. அவன் ஊரும் அதே வாரத்தில்தான் கெட்டது. "அண்ணா, ரெண்டாவது ரூம்ல ஓடுற மெஷின் வாங்கி வெச்சிட்டேன்" என்றான். "கொஞ்சம் நகர்த்தி வையேன், ஒரு கட்டில் போடுற இடம் போதும்" என்றேன். "தரையோட திருகி முடுக்கியாச்சுண்ணா" என்றான். அவனுடைய தொந்தியைப் போன விடுமுறையில்தான் பார்த்தேன். அந்த மெஷினில் ஓடுவது யார் என்று தெரியவில்லை.

ஆக, இத்தனை காலம் தலைமேல் வைத்து ஆடிய ஊர்களை, ஒரு பெண் பெட்டியோடு வருகிறாள் என்றதும் இரண்டு பேரும் கீழே போட்டுவிட்டீர்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நீங்கள் நேராகச் சொல்லியிருந்தால், உங்களைப் பற்றிய என் அபிப்பிராயம் உறுதிப்பட்டது என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

என்னை யாரும் எந்தப் பக்கமும் தள்ள முடியாது. ஃப்ரிட்ஜ் வாங்கப் போனபோது கடைக்காரர் இடப்பக்கம் இருந்ததை வாய் ஓயாமல் புகழ்ந்தார். நான் வலப்பக்கம் இருந்ததை வாங்கினேன். வந்த நாளிலிருந்து அது அடியில் தண்ணீர் கசிகிறது என்று உங்கள் அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கசியட்டும். அது என் சொந்த முடிவில் கசிகிறது. அன்று மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் ஒன்றைப் புகழ்ந்தால் அடுத்ததை எடு என்று வழியெல்லாம் அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். சின்னக் குழந்தை, எவ்வளவு புரிந்ததோ.

இப்போதும் பாருங்கள், அவளுக்குச் சூது தெரியவில்லை. "அப்பா, நான் ஆத்து ஊருக்கே போறேன். பாவம் மாமா, அவரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்" என்றாள்.

"சித்தப்பா வீட்லதான் மெஷின் இருக்கே?"

"அது மேலயே படுத்துக்கறேன்பா."

"அங்க கடலே இல்லையேம்மா?"

"பெரிய தொட்டி கட்டி அதுல அலை வர வெச்சிருக்காங்களாம். அது போதும்பா எனக்கு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் ஒரே மகள், ஒரு மெஷின்மேல் படுத்து எழுந்து, தொட்டியில் கடலைப் பார்த்துப் படிப்பாளாம். நீங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜக் கடலைப் பார்ப்பீர்களாம்! விடுவேனா?

உங்கள் ஊருக்கே வருகிறாள். உங்கள் வீட்டுக்கே வருகிறாள். அந்த மாடி அறையிலேயே இருப்பாள். ஆற்று நகரத்து இடம் வேண்டாம் என்று நேற்றே எழுதிவிட்டோம். இனி அதைத் திரும்பக் கேட்டாலும் தர மாட்டார்கள். உங்கள் ஊர்ப் பறவைகள் கூட்டமாக வந்து என் கண்ணாடியைப் பிடுங்கினாலும் முடிவு மாறாது.

இது பழிவாங்கல் என்று நீங்கள் நினைக்கலாம். சரியாகத்தான் நினைப்பீர்கள். என் கல்யாணத்தன்று, மீசைகூட முளைக்காத வயதில், உங்கள் சிநேகிதனிடம் "அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் நல்ல இடமா பாத்திருக்கலாம்டா" என்று சொன்னீர்கள். பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தது மாப்பிள்ளை. பிறகு ஒருநாள், நானும் உங்கள் ஊர்ப் பக்கம் வேலை தேடிப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, "உங்க குணத்துக்கு இப்ப இருக்கற ஊரே அதிகம் அத்தான்" என்று சிரித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் மனைவிக்கு என் அன்பைச் சொல்லவும். காது கேட்காவிட்டால் எழுதிக் காட்டவும். உங்கள் இல்லம் என் மகளின் பாட்டுச் சத்தத்தால் நிறைந்து, குளிக்கும் நேரத்தில் வெந்நீர் தீர்ந்து, வைத்த சாமான் வைத்த இடத்தில் இல்லாமல், எல்லா வளமும் பெற்று விளங்க மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டும்படி மகளிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன் படித்தாள். தோள் குலுங்கியது. பிரியப்போகும் துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஊரைத் திட்டச் சொன்னதே நான்தான். மாமா மாட்டவே மாட்டேன்னார். கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்க வெச்சேன்."

"எதுக்கு?"

"ஊர் நல்லா இருக்குன்னு அவர் சொல்லியிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?"

"இந்த வேலையெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"ஃப்ரிட்ஜ் வாங்கின கடையில."

அந்தப் பூஞ்சைச் சுவர் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவராம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் பல் துலக்குகிறேன். கடலைப் படிக்கிறவள் கடல் இருக்கும் ஊருக்குத்தான் ஆசைப்படுவாள் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அக்காவுக்கு எல்லாம் முதலிலிருந்தே தெரியுமாம். சித்தப்பாவையும் நீதான் பேசவைத்தாயா என்று கேட்டேன். "இல்லப்பா, அது அவராவே சொன்னது" என்றாள்.

கிழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடிதம் நன்றாக வந்திருக்கிறது, மனம் வரவில்லை. ஆகவே உங்கள் குணத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டுப் படிக்கவும். கல்யாணத்தன்று நீங்கள் பேசியது மட்டும் அப்படியே நிற்கட்டும். அது யாரும் சொல்லிக்கொடுத்துப் பேசியதில்லை.

இதில் எனக்கு ஒரு சங்கடம். இத்தனை வருடம் நீங்கள் சொன்னது பெருமை. போன மாதம் சொன்னது நடிப்பு. அவள் போய் இறங்கப்போகும் ஊரைப் பற்றி நம்பக்கூடிய ஒரு வார்த்தைகூட என் கையில் இல்லை. சில நாள் ஆய்வுக்கூடம் முடிய இருட்டிவிடும் என்கிறாள். ஆகவே, ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு டிராமில் வந்து இறங்கி, அந்தச் சரிவுத் தெருவில் நீங்களே தனியாக வீடுவரை நடந்து பாருங்கள். ஊசியும் வேண்டாம், கையைப் பிடிக்கவும் வேண்டாம். விளக்கு எரிகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

நீங்கள் எதைச் சொன்னாலும் இந்த ஒரு தடவை அப்படியே நம்புவதாக இருக்கிறேன்.