விசில் அடித்துச் சொன்ன சரித்திரம்

கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் நடந்த கதையில் பிழை இல்லை. கூட்டத்தைக் கண்டால் என் நாக்கு ஒளிந்துகொள்ளும் என்பதை ஊரே பார்த்திருக்கிறது.

மதுரங்குளிக்கு அப்பால் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழி இருக்கிறது. சீமெந்துக்காக வெடி வைத்துக் கல் எடுத்த இடம். இளவயதில் நானும் அங்கே கல் சுமந்தேன். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியதும் கம்பனி போய்விட்டது. குழி பச்சைக் குளமானது. கண்டக்குழிக் கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அதைப் படம் எடுக்க வந்தார்கள். ரிஸ்வான் தம்பி இடத்தைக் குத்தகைக்கு எடுத்துப் படகு விட்டார். பழைய தொழிலாளிகளையே வேலைக்கும் வைத்தார். எனக்கு, வருகிறவர்களுக்குக் குழியின் சரித்திரம் சொல்லும் வேலை. திறப்பு விழாவில் ஒழுங்காகச் சொன்னால் நிரந்தரம். இல்லாவிட்டால் குதிகாலைத் தின்னும் உப்பளத்துக்கே திரும்ப வேண்டும்.

அன்றைக்கு உயிர்காப்பு அங்கியை மாட்டி என்னைக் கரையில் நிறுத்தினார்கள். அனுமதி தரவேண்டிய அதிகாரி, என்னோடு கல் சுமந்த காசிம் நானா ஓட்டிய படகில், குளத்தின் நடுவில் இருந்தார்.

"தொடங்குங்க நானா," என்றார் ரிஸ்வான் என்னிடம்.

நான் சிரித்தேன். (வந்தது அவ்வளவுதான்.)

"கதைங்களேன். சேர் பாத்துட்டு இரிக்கிறார்!"

மனப்பாடம் செய்ததெல்லாம் ஆவியாகிவிட்டது. அங்கியில் ஒரு விசில் தொங்கியது. சொல்ல வராவிட்டால் செய்து காட்டலாமே! வெடி வைக்குமுன் கங்காணி ஊதுவதைப் போலவே நீட்டி நீட்டி ஊதினேன்.

அந்த விசிலுக்கு எங்கள் ஆட்கள் யோசிப்பதில்லை, ஓடுவார்கள். இளநீர் வெட்டியவர் கத்தியைப் போட்டுவிட்டு மேசைக்கடியில் புகுந்தார். டிக்கட் கொடுத்தவர் பாறைக்குப் பின்னால் பாய்ந்தார். அதைப் பார்த்த விருந்தாளிகளும் ஓடினார்கள். காசிம் நானா படகிலிருந்து குதித்து, நீந்தி வந்து, கல்லுக்குப் பின்னால் தலையைப் பொத்திக்கொண்டு படுத்தார். அதிகாரி மட்டும் நடுக்குளத்தில் தனியே சுற்றினார்.

"தம்பி! எப்ப வெடிக்கும்?"

"வெடிக்காது சேர்! இது சரித்திரம்!" என்று கத்தினார் ரிஸ்வான்.

காசிம் நானா சொட்டச் சொட்ட என்னிடம் வந்தார். "அட மனிசா! இந்த விசிலக் கேக்காமத்தான்டா என்ட கூட்டாளிக்குக் கால் போன! நாங்க கல்லு ஒடச்சது, பம்பு நிண்டது, கம்பனிக்காரன் சொல்லாமக் கொள்ளாமப் போனது, எல்லாம் ஒனக்கு வெளையாட்டா?"

ஏச ஏச முழுச் சரித்திரமும் வெளியே வந்தது. விருந்தாளிகள் சுற்றி நின்று கேட்டார்கள். ஒருவழியாகக் கரைக்கு இழுத்துவரப்பட்ட அதிகாரி, காசிம் நானாவைக் காட்டி, "இவர்தான் இதுக்குச் சரியான ஆள்," என்றார்.

அன்றே வேலை மாறியது. காசிம் நானா சரித்திரம் சொல்கிறார். நான் படகு வலிக்கிறேன். அந்தச் சரித்திரத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். காசிம் நானா தமிழிலும் சிங்களத்திலும் விசில் கதை வரைக்கும் சொல்லிவிட்டு, கடைசியில் துடுப்போடு இருக்கும் என்னைக் கைகாட்டுவார்.

மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "வாப்பாவுக்கு என்ன தொழில்?" என்று கேட்டார்கள்.

"அவருக்கா?" என்றாள் என் மனைவி. "அவர் சரித்திரத்தில இடம் புடிச்சவர்."

இன்றைக்கும் சம்பந்தி வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

21 பெப்ரவரி 2025, வெள்ளிக்கிழமை