மொக்கையன் காய்ச்சிய பீர்

இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் உப்பிக்கொண்டே போனது. மொக்கையன் தொட்டுப் பார்த்தார். கல்லாட்டம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

கண்ணுச்சாமி நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர். வந்து பார்த்தவர் இரண்டடி பின்னால் போனார்.

“என்னண்ணே ஊத்தி வச்சிருக்கீக?”

“பீருப்பா.”

கண்ணுச்சாமி கேனை விட்டுவிட்டு மொக்கையனை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கத்தானே செய்வார்! திருநகரில் அந்தத் தெருவில் எவனாவது தள்ளாடி வந்தாலே கதவைச் சாத்துகிற ஆள் மொக்கையன். நாலு வருசத்துக்கு முன்னால், மகன் சிவக்குமாரின் வண்டிப் பெட்டியில் ஒரு பீர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, “இந்த வாசப்படிய மிதிக்காத”ன்னு சொன்ன மகராசன். பயலும் ரோசக்காரன். பெங்களூருக்குப் போனவன், போன வருசம் அம்மா அன்னக்கொடி செத்ததுக்குத்தான் வந்தான். காரியம் முடிந்த கையோடு கிளம்பிவிட்டான். அப்பனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பிள்ளை போன வாரம் தானாகவே போன் பண்ணினான். “அப்பா, அடுத்த ஞாயித்துக்கெழம வாரோம். எனக்கு வீட்டுலயே செஞ்ச பீர்…” அதற்குள் லைன் செத்துப்போச்சு.

மறுபடி கூப்பிட்டுக் கேட்க மொக்கையனுக்குப் பயம். கேட்டால் மறுக்கிறார் என்று நினைத்துவிட்டால்? வராமலே இருந்துவிட்டால்? அன்னக்கொடி கடைசிவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். இனி எதைக் கேட்டாலும் செய்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார்.

“சரிண்ணே, என்னென்ன போட்டீக?”

“மால்ட்டு வேணும்னு வீடியோல சொன்னாய்ங்க. மளிகைக் கடையில கேட்டேன், குடுத்தாங்க. சீனியும் ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்டும் சேத்தேன்.”

கண்ணுச்சாமி காலிப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தார். ராகி மால்ட். ஏலக்காய் சேர்த்தது. குழந்தைகளுக்கு உகந்தது.

“நாசமாப் போச்சு! பீருக்கு மொளகட்டுன பார்லில்லண்ணே மால்ட்டு! அது கெடக்கட்டும். காத்து வெளிய போக வழியில்லாம எதுக்குண்ணே இம்புட்டு இறுக்கி மூடுனீக?”

“எறும்பு போயிரும்லப்பா.”

மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றை விட்டார்கள். பிறகு மூடியில் ஓட்டை போட்டு, கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் விட்டார்கள். காற்று போகும், உள்ளே வராது. நல்ல யோசனைதான். மூடி இடுக்கை அடைக்க மொக்கையன் கோதுமை மாவைப் பிசைந்து அப்பினார் பாருங்கள், தெருவிலுள்ள எறும்பெல்லாம் வந்துவிட்டது. எறும்புக்குப் பயந்து கேனைக் கூடத்து மேசைமேல் ஏற்றினார். மறுநாள் காலையில் ராகி நுரை பொங்கி, டியூபை அடைத்து, மூடியைத் தூக்கி எறிந்தது.

நுரை முழுக்கச் சுவரில் இருந்த அன்னக்கொடி படத்தின் மேல் விழுந்தது.

மொக்கையன் துண்டை எடுத்துத் துடைத்தார். நெற்றி, கண், மூக்குத்தி என்று துடைக்கத் துடைக்க அழுகை வந்துவிட்டது. “கோவிச்சுக்காத அன்னம். பய வாயத் தொறந்து கேட்டுட்டான்” என்றார்.

மிச்சத்தைக் கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றப் புனல் தேடினார். கிடைத்தது மண்ணெண்ணெய்ப் புனல். சோப்புப் போட்டு நாலு தடவை கழுவினார். வாடை போகிற மாதிரி இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். வீடு முழுக்கப் புளித்த நாற்றம். தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. “பாவம், பொண்டாட்டி போனதும் மனுசன் இப்படி ஆயிட்டாரே!”

மொக்கையன் அதையும் கேட்டுக்கொண்டு பாட்டில்களை மேசை மேல் அடுக்கினார். மகன் வரட்டும், அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. சிவக்குமாரும் அவன் பொண்டாட்டி ரோகிணியும் இறங்கினார்கள். மொக்கையன் எவர்சில்வர் டம்ளரில் நுரை ததும்ப ஊற்றிக்கொண்டு வாசலுக்கே போனார்.

சிவக்குமாருக்கு வாடை எட்டியது. டம்ளரைப் பார்த்தான். மேசை மேல் வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்தான். பை கையிலிருந்து நழுவியது.

“அப்பா… நீங்களா?”

“உள்ள வாய்யா.”

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். “ஒங்களத் தனியா விட்டுட்டுப் போனது என் தப்புதான்ப்பா. நானே அன்னைக்கோட குடிய விட்டுட்டேன். இந்த வயசுல நீங்க ஆரம்பிச்சுட்டீங்களே!”

மொக்கையன் டம்ளரோடு அவன் பக்கம் குனிந்தார். நுரை வேட்டியில் வழிந்தது.

“அடப்பாவி, எனக்கில்லடா, ஒனக்குத்தான்! நீதானடா போன்ல கேட்ட, வீட்டுலயே செஞ்ச பீருன்னு!”

சிவக்குமார் ஒன்றும் புரியாமல் அப்பனையே பார்த்தான். பையைக் குனிந்து எடுத்த ரோகிணிதான் மெல்லச் சொன்னாள்.

“மாமா, அன்னைக்கு இவரு கேட்டது பீரு இல்ல மாமா, அத்தை அரைப்பாங்களே, அந்தப் பீர்க்கங்காத் தொவையலு.”