வெறும் தண்ணீரில் யாருடைய டிஎன்ஏ?

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே யாவரும் நலம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீ போனைத் தொட மாட்டாய் என்பதால் பேனாவை எடுத்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மகளின் வேலை பிழைத்தது. இப்போதுதான் எனக்கு மூச்சே வருகிறது.

ஆய்வகத்தில் அப்படி என்னதான் செய்கிறாள் என்று கேட்பாயே, டிஎன்ஏவை நகல் எடுக்கிறாள். துளியூண்டைச் சின்னக் குழாயில் விட்டு இயந்திரத்தில் வைத்தால், சூட்டில் இரட்டை இழை பிரியும், சூடு தணிந்ததும் நொதி ஒன்று ஒவ்வோர் இழைக்கும் ஜோடி கட்டும், மறுபடி சூடு, மறுபடி ஜோடி, ஒன்று இரண்டாகி நாலாகி மத்தியானத்துக்குள் கோடிக்கணக்கில் பெருகிவிடும். கூடவே வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றும் வைப்பார்களாம். அதில் எதுவும் வரக் கூடாது, வந்தால் எங்கோ கலப்படம் என்று அர்த்தம். வந்துவிட்டது அக்கா! மனித டிஎன்ஏ, அதுவும் ஏராளமாக! மேலதிகாரி அம்மாள், “காரணத்தைக் கண்டுபிடி, இல்லேன்னா வேலை நிரந்தரம்ங்கிற பேச்சையே எடுக்காதே” என்று சொல்லிவிட்டார். இவள் கையுறையை மாற்றினாள், மேசையைத் தேய்த்தாள், திறந்த திரவத்தையெல்லாம் கொட்டினாள், அப்படியும் வந்தது. வீட்டிலும், “அப்பா, என் கோட்டு பக்கத்துல தும்மாதீங்க!” என்று என்னை மொட்டை மாடிக்கு விரட்டினாள். நானும் அங்கே போய்த்தான் தும்மினேன்.

கடைசியில் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லோருடைய கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சால் தடவி ஒப்பிட்டால், அது மேலதிகாரி அம்மாளுடையது! குழாய்கள் திறந்திருக்கும்போது முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, குனிந்து நின்று, சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார். எச்சில் தெறிக்காமல் என்ன செய்யும்? நாளைக்கு அவரே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடுகிறார். வயிற்றில் பால் வார்த்தது போல் இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
இன்று நிம்மதியாகத் தூங்கப் போகும் உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மகள் வந்துவிட்டாள். “அப்பா, அவங்க பேரு வெளிய வராதுன்னு சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம்தான் கையெழுத்துக்கே ஒத்துக்கிட்டாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க” என்கிறாள். நானோ இந்தக் கடிதத்தைப் படமெடுத்து அண்ணன்கள் இருவருக்கும் அனுப்பியாயிற்று. பெரியண்ணன் சம்பந்திகளுக்கு அனுப்பினாராம், சின்ன அண்ணி தன் தங்கைகளுக்கு, அவர்கள் யார் யாருக்கோ. இதோ மகளுக்குப் போன் வருகிறது. மேலதிகாரி அம்மாள்தான். மகள் போனைக் கையால் பொத்திக்கொண்டு சொல்கிறாள்: “அப்பா, நீங்க ரொம்ப நல்லா எழுதுறீங்களாம்.”